மாலை ஜோக்கும் ஏட்டையாவும்

என் பிறந்த நாளை எங்கள் வீட்டில் யாரும் மறந்ததில்லை. மறக்க முடியாது. 1991 மே 22, விடியற்காலை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்திருந்தார். பஸ் இல்லை, கடை இல்லை, ரிக்‌ஷாக்காரர்கூட வரமாட்டேன் என்று விட்டார். அப்பா திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்து என்னைப் பார்த்தாராம். "ஊரே அழுதுக்கினு இருந்துச்சு. நீயும் கூட சேர்ந்து அழுத" என்பது அம்மா வருஷா வருஷம் சொல்லும் வசனம்.

இப்படிப் பிறந்தவனுக்குக் கொஞ்சமாவது நிதானம் இருக்க வேண்டாமா? பி.காம். படித்துவிட்டு, ஐந்தொகையில் இரண்டு பக்கமும் ஒரு நாளும் சமமாக வராத காரணத்தால் எழுத வந்தவன் நான். ஒரு பத்திரிகைக்கு ஜோக் எழுதி அனுப்பினேன். பிரசுரமும் ஆனது.

"தலைவர் ஏன் மாலையைப் பார்த்ததும் மேடையிலேருந்து குதிச்சு ஓடறாரு?"

"போட வந்தது ஸ்ரீபெரும்புதூர் மகளிர் அணியாம்!"

நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். சன்மானம் வந்தது. டீக்கடையில் இரண்டு நாள் நான் ஹீரோ.

மூன்றாம் நாள் ஏட்டையா கூப்பிட்டார். எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள். வாரப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிற ஜாதி. ஒரு காது சரியாகக் கேட்காது. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். சின்ன வயதில் நாங்கள் அவருக்கு 'டமாரம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

"இன்னா தம்பி, இந்த மாலை ஜோக்கு நீ எய்தினதா?"

"ஆமா ஏட்டையா. எப்படி?" என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"நல்லாத்தான் கீது. அன்னிக்கு என் பக்கத்துல டூட்டி பார்த்தவன் இருந்தா, அவனும் சிரிச்சிருப்பான். நல்லா சிரிக்கிற ஆளு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ராத்திரி அந்த மைதானத்தில் பந்தோபஸ்து டூட்டி அவருக்கு. கூட வேலை பார்த்தவர் பத்தடி முன்னால் நின்றார். இவர் பின்னால் நின்றார். அந்தப் பத்தடிக்கு இவர் கொடுத்த விலை இடது காது. அவர் கொடுத்தது உயிர். ராஜீவ் காந்தியோடு அன்று இறந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். அவர்களில் ஒன்பது பேர் போலீஸ்காரர்கள். காயம்பட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல். பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. மற்றவை அவரவர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோவாக இருக்கின்றன.

"அதுலேருந்து பூக்கடைப் பக்கம் நான் போறதில்ல தம்பி. பொண்ணு கல்யாணத்துக்குக்கூட மாலையை மச்சான்தான் போய் வாங்கினு வந்தான்" என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னை என்னவோ செய்தது.

"கோபமா ஏட்டையா? கேஸ் கீஸ் போடுவீங்களா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன்.

சிரித்துவிட்டார். "கேஸா? இதுக்கு எந்த செக்‌ஷன்ல போடறது?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நிஜமாகவே எந்த செக்‌ஷன்?

அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு முதலில் 'பேசு' என்கிறது. அடுத்த உட்பிரிவில் எதற்காகவெல்லாம் வாயை மூடச் சொல்லலாம் என்று பட்டியல் போடுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் என்று போகும் அந்தப் பட்டியலில் 'ஏட்டையாவின் மனசு' கிடையாது.

கிடையாது என்பதும் நல்லதுக்குத்தான். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தை, கலவரம் வரும் என்று சொல்லித் தடுக்கப் பார்த்தார்கள். 1989ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் படத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது. ஆபத்து எங்கோ தூரத்தில் இருந்தால் போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் நெருப்புப் பொறி மாதிரி பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடி நெருக்கம் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எங்கள் பக்கத்து பாஷையில் சொன்னால், தண்டையார்பேட்டை ஆயில் டெர்மினலுக்குள் தீக்குச்சி உரசினால் குற்றம். எதிரே டீக்கடையில் பீடி பற்ற வைத்தால் இருமல்தான்.

இந்தக் கோட்டை சர்க்கார் இஷ்டத்துக்கு நகர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2002ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வைகோவைப் பொடா சட்டத்தில் பிடித்து, 19 மாதம் சிறையில் வைத்தார்கள். பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாத வெறும் வாய்வழி ஆதரவு பொடாவில் குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2017 மே 21ல், ஈழப் போரில் இறந்தவர்களுக்கு மெரினாவில் மெழுகுவர்த்தி ஏற்றப் போன திருமுருகன் காந்தியையும் வேறு மூவரையும் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். நாலு மாதம் கழித்து அதை ஹைகோர்ட் ரத்து செய்தது. ஈழத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் துக்கமும் துக்கம்தானே? அழுவதற்கும் பேச்சுரிமை வேண்டியிருக்கிறது சார்!

எதிர்ப்பக்கமும் உண்டு. 2019ல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் பிரசாரத்தில் ராஜீவ் கொலையை நியாயப்படுத்திப் பேசினார் என்று சீமான் மேல் வழக்குப் பதிவானது. 2022ல் பேரறிவாளனும், பிறகு மற்ற ஆறு பேரும் விடுதலையானபோது சிலர் பட்டாசு வெடித்தார்கள். விடுதலை நியாயமா என்று வாதாடலாம். முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவரின் தாய் மகிழ்வதை யார் குறை சொல்ல முடியும்? அதே நேரத்தில், ஸ்ரீபெரும்புதூரில் விரல்களை இழந்த போலீஸ் அதிகாரி அனுசுயா, எங்களுக்கு நியாயம் எங்கே என்று கேட்டார். அவரையும் பேசவிட வேண்டும். இரண்டு குரலும் கேட்கிற ஊர்தான் நல்ல ஊர். ஆனால் பட்டாசு? குண்டுச் சத்தத்தில் காது போனவர் வீட்டு வாசலில் பட்டாசா?

காமர்ஸ் படித்த எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. மெஷினுக்கு டிப்ரிசியேஷன் உண்டு. பத்து வருடத்தில் மதிப்பு தேய்ந்துவிடும். துக்கத்துக்கு அது கிடையாது. 1998 பிப்ரவரி 14ல் கோயம்புத்தூரில் 58 பேர் போனார்கள். மற்ற ஊர்களில் அது காதலர் தினம். 2014 மே 1ல் ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல் ஸ்டேஷனில் குவாஹாத்தி ரயிலில் குண்டு வெடித்து ஓர் இளம் பெண் இறந்தார். பிளாட்பாரத்தைக் கழுவினார்கள், ரயில்கள் ஓடின, நமக்குக் கணக்கு முடிந்தது. அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

இதற்காக எழுதுகிறவன் கையைக் கட்டச் சொல்லவில்லை. கார்ட்டூன் பிடிக்கவில்லை என்று 2015ல் பாரிஸில் சார்லி ஹெப்டோ பத்திரிகைத் தாக்குதலில் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அவர்களுக்கும் 'மனசு நொந்தது' என்பதுதான் சாக்கு. மனசு நொந்தால் துப்பாக்கி எடுக்கலாம் என்றாலும் ஆபத்து, ஜெயிலில் போடலாம் என்றாலும் ஆபத்து. ஆகவே சட்டத்தின் கோடு தள்ளியே இருக்கட்டும். அதற்கு உள்ளே, நாமே போட்டுக்கொள்ள வேண்டிய கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட போலீஸ் வராது.

மறுபடி ஏட்டையாவிடம் போனேன். "இனிமே எழுதலைன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றேன், தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"அட போப்பா! போலீஸ் தொப்பையைப் பத்தி எய்து, மந்திரியைப் பத்தி எய்து. அந்த கேஸை எங்க டிபார்ட்மென்ட்டு எங்கெங்க கோட்டை வுட்டுச்சுன்னுகூட எய்து. குண்டு போட்டவனைப் பத்தி எய்து. செத்தவனை வச்சு மட்டும் சிரிப்பு காட்டாத. திரும்பி வந்து பதில் சொல்ல அவனால முடியாது, இல்ல?"

அதற்குப் பிறகு ஒரு போலீஸ் தொப்பை ஜோக் எழுதினேன். பிரசுரமானதும் எடுத்துப்போய் காட்டினேன். இத்தனை வருடம் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவன், இப்போதெல்லாம் வலது பக்கம் உட்காருகிறேன். ஒரு தடவை சொன்னாலே கேட்கிறது.

படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சுமார்தான் தம்பி. மாலை ஜோக்கு இத்தவிட நல்லா இருந்துச்சு."