பிரட்டுக் களமும் படைத்தலைவரும்

மலைநாட்டில் பிறந்தோர்க்குப் ‘பிரட்டு’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் தப்பு முழங்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்தில் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்டுப் பெறுவதே பிரட்டு. ‘பரேட்’ என்னும் ஆங்கிலப் படைச்சொல்லே நம்மவர் நாவில் இவ்வாறு மருவிற்று என்பர். அதில் வியப்பில்லை. கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் திறந்த தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ், 1815இல் வாட்டர்லூப் போரில் நின்ற தளபதியன்றோ! 1900இல் தோட்டத்து வெள்ளைத் துரைமாரைக் கொண்டே ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்’ என்னும் தொண்டர் படை அமைந்தது. 1949இல் அது கலைக்கப்படும்வரை, தோட்டத்தை நடத்தியவரே துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றனர்.

படையிலிருந்து பிரட்டு வந்தது, சரி. வராமற் போனது எது?

1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தம் யுத்தத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். அத்தலைமையகத்தின் கீழ்ப் பர்மாவில் பதினான்காம் சேனையை நடத்தியவர் வில்லியம் ஸ்லிம். படையிற் சேருமுன் அவர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். (அதனால் அவர்மீது நமக்குச் சற்றுப் பட்சபாதம் உண்டு என்பதை ஒளிப்பானேன்?) போர்முனையில் ஒரு பிரிவுக்கு அரைப்பங்கு உணவு எனில், தம் தலைமையகத்துக்கும் அரைப்பங்கே என்றார் ஸ்லிம். தம் வீரர் உண்டதையும் உறங்கியதையும் நேரிற் கண்டறியுமுன் அதிகாரி உட்காரவும் கூடாது என்பது அவர் விதித்த விதி. மலேரியாத் தடுப்பு மாத்திரையை வீரர் விழுங்குகின்றனரா எனத் திடீர்ப் பரிசோதனை நடத்தினார். நூற்றுக்கு 95க்குக் குறைந்த அணியிலே பதவி இழந்தவர் சிப்பாய் அல்லர், அணித்தலைவர்! மூவர் போனபின் நான்காமவரை நீக்கும் அவசியம் நேரவில்லை.

நாம் சிறுவராயிருந்த 1990களில், மஸ்கெலியாவில் ஒரு தோட்டம். எம் தங்கைக்குக் காய்ச்சல். தாயார் பிரட்டுக்குச் சில நிமிடம் பிந்திவிட்டார். வேலை பிரித்த கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “போயிட்டு நாளைக்கு வா” என்றார். அன்றைய பேர் போயிற்று. தாயார் கூடையைக் கழற்றாமலே இஸ்தோப்பில் வெகுநேரம் அமர்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பின்னர் அதே மலைக்கு வேறொரு கங்காணி வந்தார். எந்தப் படையிலும் இருந்தவர் அல்லர். ஆடி மழையில், அட்டை மிகுந்த பள்ளத்து நிரையில் முதலில் இறங்குபவர் அவரே. கடைசிக் கூடை நிறுவையாகும்வரை நனைந்தபடியே நிற்பார்; அதன் பின்னரே அவர் தேநீர் அருந்துவார். பிந்தி வந்தவளிடம் அவர் கேட்பது ஒன்றே: “பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?” அவரும் கண்டிப்பானவர்தாம், கொழுந்தில் முற்றல் இலை கலந்தால் விடமாட்டார். ஆயினும் அவர் ஏசியதாகத் தாயார் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இவ்வாண்டு நமக்கும் பகுதித் தலைவர் பொறுப்பு வாய்த்தது. வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இடுவது நம் கடமை. சென்ற வியாழனன்று கோட்டுக்குக் கீழே ஓர் இளம் ஆசிரியை ஒப்பமிட்டார். நாம் கடிகாரத்தைப் பார்த்தோம், காரணம் கேட்கவில்லை. நாளை திங்கட்கிழமை, கேட்கவேண்டும்.