கையெழுத்து பாகூரில், கல்லூரி ஜார்ஜியாவில்

வில்லியனூர் பக்கம் அரியூர், பாகூர் பக்கம் கிருமாம்பாக்கம் என்று புதுச்சேரியில் நம் இரண்டு கொம்யூன்களிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வயலை ஒட்டியே நிற்கின்றன. அவற்றின் கட்டணத்தை விசாரித்துவிட்டு வந்த வீடுகளில்தான் ஜார்ஜியா, ரஷ்யா, கிர்கிஸ்தான் என்ற பெயர்கள் பேச்சில் வரத் தொடங்குகின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அங்கே போய்ப் பிள்ளைகள் படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கே, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்ட கையெழுத்தில் தொடங்குகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் விமானம் ஏறுவதற்கு முந்தைய கதைதான்.

“ஐயா, அஞ்சே வருஷம். தம்பி டாக்டராத் திரும்பிடுவாரு. காலேஜ் என்எம்சி அப்ரூவ்டு.” ஏஜென்ட் பேசுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தேசிய மருத்துவ ஆணையமான என்எம்சி, வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்துப் பட்டியல் போடுவதே இல்லை. அது விதித்திருப்பவை நிபந்தனைகள். 2021 நவம்பரில் வந்த விதிமுறைப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும். அதன் பிறகு அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப். பாடம் ஆங்கில வழியில் இருக்க வேண்டும். படித்த நாட்டின் குடிமக்களுக்கு இணையாக அங்கேயே மருத்துவத் தொழில் செய்யப் பதிவு பெறும் தகுதி வேண்டும். சேர்ந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். நீட் தேர்ச்சி இல்லாமல் போனால் இவை எதுவும் செல்லாது. திரும்பி வந்தால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுத்தாக வேண்டும். பல தேர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தேறியிருக்கிறார்கள். தேறியவர்களும் இந்தியாவில் இன்னும் 12 மாதம் பயிற்சி முடிக்க வேண்டும். நான்கரை, ஒன்று, தேர்வுக்குப் படிக்கும் காலம், மறுபடி ஒன்று. ஏஜென்ட் சொன்ன அஞ்சு வருஷம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

“முதல் ரெண்டு வருஷம் இந்த நாட்டுல, பாக்கி அந்த நாட்டுல” என்று ஒரு டிரான்ஸ்பர் திட்டமும் விற்கப்படுகிறது. முழுப் படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் ஒரே கல்லூரியில் முடிய வேண்டும் என்பது விதி. 2022இல் உக்ரைன் போரால் படிப்பை விட்டு ஓடிவந்த மாணவர்களுக்கு மட்டும் என்எம்சி விதிவிலக்காக இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது. அதைக் காட்டி இன்றைக்குச் சீட் விற்பவரை நம்ப வேண்டாம்.

மருத்துவம் அல்லாத படிப்புகளில் ஆபத்து வேறு வடிவத்தில் வரும். 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. அவர்கள் விசா வாங்கக் கொடுத்த கல்லூரி அட்மிஷன் கடிதம் போலி. தயாரித்தது ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர். பின்னர் அவருக்குக் கனடாவிலேயே சிறைத்தண்டனை கிடைத்தது. கடிதம் போலி என்பதே பல மாணவர்களுக்கு, படித்து முடித்து நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப் போட்ட பிறகுதான் தெரிந்தது. இதைத் தவிர்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. கடிதம் கைக்கு வந்ததும், ஏஜென்ட் கொடுத்த மின்னஞ்சலுக்கு அல்ல, பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள அட்மிஷன் பிரிவு முகவரிக்கு மாணவரே எழுதி, “இந்த எண்ணில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் முதல் நாளிலிருந்தே மாணவர் கையில் இருக்க வேண்டும். ஏஜென்ட் ஆபீஸ் பெண் உருவாக்கிய மெயில் ஐடியில் பிள்ளையின் எதிர்காலம் இருக்கக் கூடாது.

உங்கள் ஏஜென்ட் யார், அரசு உரிமம் பெற்றவரா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்ய வேண்டும். படிக்க அனுப்புபவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் பெரும்பாலும் கடை நடத்துவதற்கான பதிவு, இல்லாவிட்டால் ஜிஎஸ்டி எண். இரண்டும் நேர்மைக்குச் சாட்சி அல்ல. ஆகவே பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். கல்லூரிக் கட்டணம் கல்லூரிக் கணக்குக்கு, ஏஜென்ட் கூலி ஏஜென்ட் கணக்குக்கு என்று தனித்தனியாகப் போக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் என்பதை எழுதி வாங்குங்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் பாஸ்போர்ட்டையும் “பத்திரமா இருக்கட்டும்” என்று யாராவது வாங்கி வைத்துக்கொண்டால் திருப்பிக் கேளுங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. ஏஜென்ட் பாக்கிக்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

இனி நிலம். படிப்புக்காக நிலம் எழுதுவது பாகூருக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், இந்த ஊரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அன்று படிக்க வருகிறவர்களுக்காக நிலம் கொடுத்தார்கள். இன்று படிக்கப் போகிறவர்களுக்காக நிலம் போகிறது. போகிற விதம்தான் கவலை. அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் வாங்கும்போது அவர் கேட்பது அடமானப் பத்திரமாக இருக்காது. பவர் பத்திரமாகவோ கிரய ஒப்பந்தமாகவோ இருக்கும். “சும்மா செக்யூரிட்டிக்குத்தான்” என்பார். பவர் கொடுத்தால் அவர் விற்கலாம். கிரய ஒப்பந்தம் போட்டால், முழு விலையில் பெரும்பகுதி வாங்கிவிட்டதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டில் நிற்பார். கடனுக்குக் கடன் பத்திரம் மட்டும் போடுங்கள்.

வங்கிக் கல்விக்கடனில் ஏழரை லட்சம் வரை, மத்திய அரசின் உத்தரவாத நிதியின் கீழ், சொத்து ஈடோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் தர வழி இருக்கிறது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால், எந்த வங்கிக்கு எந்தத் தேதியில் விண்ணப்பம் போனது என்ற தடயமாவது கையில் இருக்கும். 2024 நவம்பரில் அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் வேறு. அது இந்தியாவில் உள்ள குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் வங்கி சொத்து கேட்கும். விளைநிலம் என்றால் ஒரு பாதுகாப்பு உண்டு: கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. கடன் இல்லாமல் போய்விடாது, வங்கி வழக்குப் போடலாம். ஆனால் நோட்டீஸ் ஒட்டி ஏலம் விட முடியாது. ஏற்கெனவே மனையாக்கிய நிலத்துக்கு இந்தக் காப்பு கிடைக்காது.

பிரான்ஸ் நமக்குத் தனிக் கதை. ஒரே தெருவில், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா வீட்டுப் பேரன் பிரெஞ்சுக் குடியுரிமையோடு போவான்; பக்கத்து வீட்டுப் பையன் இந்திய பாஸ்போர்ட்டில் போவான். 2019இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழக இளங்கலைக் கட்டணத்தை ஆண்டுக்கு 2,770 யூரோ என்று உயர்த்தினார்கள். பிரெஞ்சுக்காரர் கட்டுவது 170 யூரோ. பின்னர் இரண்டும் சற்று ஏறியிருக்கின்றன, இடைவெளி அப்படியே இருக்கிறது. “அவங்க மகன் ஃப்ரீயாப் படிக்கிறான்” என்று கேட்டுக் கணக்குப் போட்டால் தப்பாகப் போகும். பிரான்ஸுக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. விண்ணப்பம் கேம்பஸ் பிரான்ஸ் வழியாகத்தான் போகும், அதன் அலுவலகம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அங்கே போய் இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும். மறந்தால் சட்டப்படி தங்கும் உரிமையே போய்விடும். அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர்கள் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் போலி.

அன்றாட வாழ்க்கையில் முதலில் வருவது வேலை. கடன் தவணையை நினைத்துக்கொண்டே பிள்ளைகள் பெட்ரோல் பங்கிலும் ஓட்டல் சமையலறையிலும் நிற்கிறார்கள். எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பதை விசா சொல்கிறது. பிரிட்டனில் பட்டப்படிப்பில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி, கனடாவில் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வாரம் 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, பிரான்ஸில் ஆண்டுக்கு 964. மீறினால் விசா ரத்தாகலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் சில முதலாளிகள், பல இடங்களில் நம் ஊர்க்காரர்களே, “கையில காசு, கணக்குல வராது” என்று ஆசை காட்டிப் பாதிச் சம்பளம் தருகிறார்கள். கேட்டால் போலீஸில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவார்கள். குறைந்தபட்சக் கூலி மாணவருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேன் வெளிநாட்டு மாணவர்களின் புகாரை எடுக்கிறது. அதனிடம் புகார் சொன்ன மாணவர், நேர வரம்பை மீறியிருந்தாலும், சில நிபந்தனைகளோடு விசாவைக் காப்பாற்றிக்கொள்ள ஏற்பாடும் இருக்கிறது. வேலை செய்த நாள், நேரம், வாங்கிய பணம் இவற்றைத் தினமும் போனில் குறித்து வைத்தால் அதுவே சாட்சி.

கூலியைவிடப் பெரிய ஆபத்து பொட்டலம். ரஷ்யாவில் மருத்துவம் படித்த கடலூர் மாவட்ட மாணவர் ஒருவர் பகுதிநேரக் கூரியர் வேலையில் கொண்டுபோன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகக் கைதாகி, பிறகு போர்முனைக்குப் போகச் சொல்லி வற்புறுத்தப்படுவதாக 2025இல் செய்திகள் வந்தன. உள்ளே என்ன என்று தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எந்த நாட்டுச் சட்டமும் சுலபமாக விடாது. வங்கிக் கணக்கும் அப்படியே. “உன் அக்கவுண்ட்ல பணம் வரும், எடுத்துக் குடு, பத்து சதவீதம் உனக்கு” என்பவர் செய்வது மோசடிப் பணத்தைக் கைமாற்றுவது. சிக்குவது கணக்கு வைத்திருப்பவர்.

அறை வாடகைக்கு முன்பணம் கொடுக்கும் முன் வீட்டை நேரில் பார்க்க வேண்டும், இல்லையேல் முதல் மாதம் பல்கலைக்கழக விடுதியிலேயே இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமான வாடகை வீடுகளுக்கு வீட்டுக்காரர் முன்பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். போடாவிட்டால் அவர் இழப்பீடே தர வேண்டி வரலாம்.

கைதானால், 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையைத் தருகிறது. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடாமல் அதைக் கேட்க வேண்டும். போய்ச் சேர்ந்த வாரமே வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் மாணவராகப் பதிவு செய்துவிடுங்கள். 2022 போரின்போது உக்ரைனில் நம் மாணவர்கள் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. வழியில்லாமல் தவிப்பவருக்கு உதவவும், இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுவரவும் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. அது உரிமை போலத் தானாக வராது, வசதியில்லாத நிலையைச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும்.

ஏமாந்தது தெரிந்துவிட்டால் இங்கே என்ன செய்வது? பணம் இணையம் வழியாகப் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும். வில்லியனூர், பாகூர் காவல் நிலையங்களில் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவின் கீழ் மோசடிப் புகார் தரலாம். ஏஜென்ட் ஆபீஸ் சென்னையில் என்று திருப்பி அனுப்பினால், எந்த எல்லைக் குற்றமானாலும் ஜீரோ எஃப்ஐஆர் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பணம் திரும்ப வேண்டுமானால் போலீஸ் வழக்கு மட்டும் போதாது. நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது புதுச்சேரி ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கே போகும். 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் இல்லை. கல்லூரியை எதிர்த்துப் போடும் வழக்கில் சட்டச் சிக்கல்கள் உண்டு. ஏஜென்ட் கூலி வாங்கிக்கொண்டு சேவை செய்தவர், அவரை எதிராளியாகச் சேர்ப்பது எளிது. வழிகாட்டலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும்.

நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. “அடுத்த செமஸ்டர்ல சரி பண்ணிடறேன்” என்று ஏஜென்ட் இழுப்பது பல நேரம் அந்த இரண்டு ஆண்டைக் கடத்தத்தான். பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வாக்குறுதியையும் வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.