நானா சங்கர்சேட்: மும்பை நகரின் தொண்டர்

நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் ரயில் இந்நகருக்கு வருவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் ஜகந்நாத் சங்கர்சேட். வணிகக் குடும்பத்தில் பிறந்த அப்பெருந்தகையை மக்கள் அன்புடன் ‘நானா’ என்றழைத்தனர்.

1845-இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயுடன் சேர்ந்து இந்திய ரயில்வே சங்கத்தை நிறுவினார். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிவண்டி ஓடிற்று.

பெண்கல்வியைப் பலர் பழித்த காலம் அது. எனினும் 1849-இல் பெண்கள் பள்ளிக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். 1862-இல் பம்பாய்ச் சட்டசபை உறுப்பினரானார், 1865-இல் மறைந்தார்.

பொருள் ஈந்தோர் பலர். பழிக்கஞ்சாது வீட்டுக் கதவைத் திறந்தோர் சிலரே. பிழைக்க வந்த நாமும் இந்நகரின் பயனை நுகர்கின்றோம். நம் பேட்டையின் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வாரத்தில் ஒருமணி நேரமேனும் உழைத்தல் நம் கடனன்றோ!