பள்ளியில் மனநல ஆலோசகர்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் உடனே அறிகிறோம்; உள்ளம் சோர்ந்தாலோ, அதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் கருதிக் கடிந்துகொள்கிறோம். உறக்கம் கெடுதல், பசி குறைதல், தோழரை விட்டு ஒதுங்குதல் ஆகியவை பல நாள் நீடிப்பின், அவை உதவி வேண்டும் குறிகளாகலாம்.

ஆசிரியரிடம் கூறலாகாதா எனில், மதிப்பெண் இடுபவரும் அவரே. ஆதலின் மாணவர் தயங்குவர். மனநல ஆலோசகர் மதிப்பெண் இடுவதில்லை. அவர் தனியிடத்தில் பொறுமையுடன் கேட்பார், கேட்டதை வெளியிடார். பிள்ளைக்குத் தீங்கு நேருமென அஞ்சும்போது மட்டும் உரியவர்க்கு அறிவிப்பார். மருந்து தேவையெனத் தோன்றின் மருத்துவரிடம் அனுப்புவார்.

100 மாணவரோ அதற்கு மேற்பட்டோரோ பயிலும் கல்வி நிலையங்கள், பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலறிஞர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள வல்லுநருடன் தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும். 2022இல் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நேயர்களே, நம் பிள்ளைகளின் பள்ளியில் அத்தகையவர் உளரா எனக் கேட்டறிவோம். ஆலோசகர் இருந்தும், ஊரார் பழிப்புக்கு அஞ்சிப் பிள்ளை அவரை நாடாவிடில் பயன் என்ன? அவ்வச்சத்தைப் போக்குதல் பெற்றோராகிய நம் கடமை.