துல்லியானம்: ரோமின் பழைய சிறை

தரையின் நடுவே தெரியும் வட்டத் துவாரத்தைப் பாருங்கள். பழங்காலத்தில் துல்லியானம் எனப்படும் கீழறைக்கு இருந்த வழி இதுதான். கைதிகளை இதன் வழியாகத்தான் கீழே இறக்கினார்கள். இப்போதுள்ள படிக்கட்டு பிற்காலத்தது.

ரோமானியச் சட்டத்தில் சிறைவாசம் ஒரு தண்டனையாகக் கருதப்படவில்லை. விசாரணைக்கோ மரணத்துக்கோ காத்திருப்பவர்களை அடைத்துவைக்கவே சிறை. அபராதம், நாடுகடத்தல், சுரங்க வேலை, மரணம் ஆகியவைதான் தண்டனைகள். சிலுவை பெரும்பாலும் அடிமைகளுக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உரியது. நுமிடிய மன்னன் யுகுர்தா கி.மு. 104இல், வெற்றி ஊர்வலத்தில் இழுத்துவரப்பட்ட பிறகு, இந்தச் சிறையில்தான் மாண்டான்.

கி.மு. 63 டிசம்பர் 5 அன்று இங்கே ஐந்து பேர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலினா என்ற பிரபு தீட்டிய சதியில் சேர்ந்த ரோமானியக் குடிமக்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான லெந்துலுஸ் முன்னாள் கான்சல், அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளராக இருந்தவர். மக்களின் ஆணையின்றிக் குடிமகனுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று கி.மு. 123இல் கையுஸ் கிராக்குஸ் கொண்டுவந்த சட்டம் இருந்தது. ஆனாலும் நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. செனட் சபையில் விவாதம் மட்டுமே நடந்தது. சொத்தைப் பறித்து, இத்தாலிய நகரங்களில் காவலில் வைத்தால் போதும் என்றார் ஜூலியஸ் சீசர். செனட் உறுப்பினர் கேட்டோ மரண தண்டனையை வலியுறுத்திப் பேசிய பின் சபை மரணத்தின் பக்கம் சாய்ந்தது. அன்று மாலையே கான்சல் சிசெரோ அந்த முடிவை நிறைவேற்றினார்.

நாட்டுக்கு வந்த ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அந்த ஐவருக்கும் சட்டம் தந்திருந்த உரிமை பறிக்கப்பட்டதும் உண்மை. விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றவருக்கு நாடுகடத்தல் என்று கி.மு. 58இல் சிசெரோவின் எதிரியான குளோடியுஸ் சட்டம் கொண்டுவந்தார். சிசெரோ ரோமைவிட்டு வெளியேறினார். பாலட்டைன் குன்றில் இருந்த அவர் வீடு இடிக்கப்பட்டது.