அந்தப் படம் பிள்ளைக்குச் சொந்தம்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் போதும். புதுச் சீருடை, நெற்றியில் விபூதி, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் வீட்டு வாசல் என்று பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பெற்றவர்களின் பெருமிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, அப்பாவின் கைபேசி எண் எல்லாமே அந்த அட்டையில் தெரிகின்றன. பிளஸ் டூ முடிவு வரும்போது மதிப்பெண் பட்டியலையே படமெடுத்துப் போடுகிறோம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கின்றன. ‘உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது’ என்று பெயரும் பள்ளியும் சரியாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் பறித்த கும்பல்கள் தமிழ்நாட்டிலேயே பிடிபட்டிருக்கின்றன. இப்படி அழைப்பவர்களுக்கு நம்முடைய ஸ்டேட்டஸே தகவல் தந்துவிடும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இழப்பது அதைவிடப் பெரிது.

விழாவும் ரீல்ஸும்

மஞ்சள் நீராட்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். தாய்மாமன் சீர் கொண்டுவர, உற்றார் உறவினர் கூடி வாழ்த்துகிற குடும்ப நிகழ்ச்சி அது. யாரை அழைப்பது என்பதை வீட்டார் முடிவு செய்வார்கள். இன்று அதே விழா, சினிமாப் பாட்டைச் சேர்த்து ரீல்ஸாக இன்ஸ்டாகிராமில் ஓடுகிறது. பல நேரங்களில் அதைப் போடுவது படமெடுத்த ஸ்டுடியோதான். தொழிலுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று யூடியூபிலும் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டாரும் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று அதையே எல்லோருக்கும் அனுப்புகிறார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணின் உடல் மாற்றம் பற்றிய செய்தி, அவளுடைய முகத்தோடும் பெயரோடும் முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேருகிறது. அப்படிப்பட்ட வீடியோவுக்குக் கீழே வரும் கமென்ட்டுகளைப் படித்தால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். மறுபடி வகுப்புக்குப் போய் அந்தக் கேலியைத் தாங்க வேண்டியவள் அந்தச் சிறுமி. அவளை ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை.

இதில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. ஒரு தெளிவான முகப்படம் கிடைத்தால் போதும், அதை ஆபாசப் படமாக மாற்றிவிடும் செயலிகள் வந்துவிட்டன. சாதாரணப் பிறந்தநாள் படத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

335 பேர் செய்த தவறு

‘என் போன், என் படம், நான் போடுகிறேன். அடுத்தவருக்கு என்ன?’ என்று கேட்பவர்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனம் சிக்கிய விவகாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018-இல் வெளிவந்து உலகையே உலுக்கிய விவகாரம் அது. ஃபேஸ்புக்கில் வந்த ஒரு வினாடி வினாச் செயலி, விளையாடியவர்களின் விவரங்களோடு நிற்காமல், அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் சேர்த்து அள்ளியது. உலகம் முழுவதும் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்தான். அவர்கள் வழியாகத் தகவல் பறிபோயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5.62 லட்சம் பேர்.

அந்த 335 பேரும் யாருக்கும் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. சும்மா பொழுதுபோக்காகத் தட்டியவர்கள். இன்றும் ஏதோ ஒரு செயலி ‘காண்டாக்ட்ஸ்’ கேட்கும்போது யோசிக்காமல் ‘அலவ்’ கொடுக்கிறோம். நம் போனில் இருக்கும் அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவர் எல்லோருடைய எண்ணும் அவர்களுக்குத் தெரியாமலே அங்கே போய்விடுகிறது. அந்தரங்கம் என்பது தனி ஒருவரால் மட்டும் காக்கக்கூடியதாக இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது சட்டம். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நல்ல சட்டம்தானே என்று நிம்மதியடைவதற்குள் மூன்றாவது பிரிவைப் படித்துவிட வேண்டும். ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கும் பொருந்தாது. குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பும் படத்துக்குக் கேள்வி இல்லை. நாமே ஊருக்குத் திறந்துவைத்த பதிவுக்குப் பாதுகாப்பும் இல்லை. பிள்ளைக்காகச் சம்மதம் தரும் பொறுப்பு பெற்றோரிடம் இருக்கிறது. அந்தப் பெற்றோரே பகிரும்போது யாரிடம் போய் முறையிடுவது?

பிரான்ஸ் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. பிள்ளையின் உருவப்படம் மீதான உரிமையைக் காப்பது தாய் தந்தை இருவரின் கடமை, அதில் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் அங்கே சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். வரும்வரை வீட்டுக்குள் அந்த முறையைக் கொண்டுவர யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்றே செய்யக்கூடியவை

ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை வாட்ஸ்அப் செட்டிங்ஸில் நாமே தேர்ந்தெடுக்கலாம். பால்காரர் முதல் வீட்டுத் தரகர் வரை எல்லோரும் நம் காண்டாக்ட்டில் இருக்கும்போது, பிள்ளையின் படம் நெருங்கிய இருபது பேருக்கு மட்டும் போனால் போதும். புகைப்படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் படத்தோடு போக வாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பள்ளிப் பெயர், அடையாள அட்டை, வீட்டு எண், குளிக்கும் குழந்தை ஆகியவை உள்ள படங்களை எங்கும் போடாதீர்கள். விழாவுக்குப் படமெடுக்க ஸ்டுடியோவிடம் முன்பணம் தரும்போதே, ‘எங்கள் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். படம் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் ஆதாரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் உடனே பதிவு செய்யுங்கள். பண மோசடி என்றால் 1930-ஐ அழையுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையைத் திட்டாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கேட்பது. ‘கண்ணு, இந்தப் படத்தைப் போடட்டுமா?’ என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பதில் சொல்லத் தெரியும். ‘வேண்டாம்மா’ என்றால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே போட்ட படத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். வீட்டில் தன்னுடைய ‘வேண்டாம்’ செல்லுபடியாகும் என்று பழகிய பிள்ளைதான், நாளைக்கு வெளியே ஒருவன் படம் அனுப்பச் சொல்லி மிரட்டும்போது ‘முடியாது’ என்று சொல்லும். பயப்படாமல் அதை உங்களிடம் வந்தும் சொல்லும்.