வெட்டவெளியில் முடியும் படிக்கட்டு

இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் உள்ள பழைய மாதா கோவில்கள் பலவற்றில் ஒரு விநோதத்தைக் காணலாம். சுவருக்குள்ளேயே குறுகலான கல் படிக்கட்டு ஒன்று வளைந்து வளைந்து மேலே செல்லும். ஆவலுடன் ஏறிப் போனால், உயரத்திலுள்ள ஒரு சிறு வாசலில் போய் நின்றுவிடும். வாசலுக்கு அப்பால் தளமும் இல்லை, மாடமும் இல்லை. கால் வைத்தால் கீழே விழவேண்டியதுதான்! கட்டிய கொத்தன் புத்தி கெட்டவன் அல்லன். அந்த வாசலுக்கு எதிரே ஒரு காலத்தில் அழகிய மர மாடம் ஒன்று இருந்தது.

ஜனங்கள் கூடும் பெரிய கூடத்துக்கும், குருமார் பூசை செய்யும் உட்பகுதிக்கும் நடுவே அக்காலத்தில் ஓக் மரத்தினாலான தடுப்பு ஒன்றை நிறுத்துவார்கள். அதன் அடிப்பாகம் பலகை. பலகை தோறும் பச்சையும் சிவப்பும் பொன்னுமாக அர்ச்சிஷ்டர்களின் சித்திரங்கள். மேற்பாகம் கொடியும் பூவுமாகக் குடைந்தெடுத்த கிராதி. குருவானவர் பூசையில் அப்பத்தை உயர்த்தும் சமயம், கூடத்தில் இருப்போர் அந்தக் கிராதி வழியாகவே தரிசிப்பார்கள். முழந்தாளிட்டிருப்பவர்களுக்கும் தெரியவேண்டும் என்று, சில இடங்களில் அடிப்பலகையிலேயே துளை போட்டிருக்கிறார்கள். தடுப்பின் தலையில்தான் அந்த மாடம். அதற்கும் மேலே சிலுவையில் அறையுண்ட ஏசுநாதர், ஒரு புறம் தேவமாதா, மறு புறம் அருளப்பர் ஆகிய மூன்று மரச் சிற்பங்கள் நிற்கும். விசேஷ தினங்களில் அவற்றின் முன் மெழுகுவர்த்திகள் ஒளி வீசும்.

இதற்கெல்லாம் பணம் கொடுத்தவர் யார்? அரசர்கள் அல்லர். குடியானவரும், கம்பளி வியாபாரிகளும், விதவைகளுமே மரண சாசனத்தில் சில ஷில்லிங் எழுதி வைத்தார்கள். நார்போக் ஜில்லாவில் காஸ்டன் என்னும் ஊர்த் தடுப்பில், நான்கு பலகைகளுக்குச் சித்திரம் எழுதப் பொருள் உதவிய தம்பதிகள், தங்கள் ஆன்மாவுக்காக ஜபிக்கும்படி ஊராரை வேண்டிக்கொள்ளும் வாசகம் இன்னமும் இருக்கிறது.

பிறகு காலம் மாறிற்று. 1547-ல் ஆறாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்ததும் சிலுவைகளையும் சிற்பங்களையும் அகற்றும்படி உத்தரவு பிறந்தது. 1553-ல் மேரி ராணி வந்தாள். திரும்ப நிறுத்தச் சொன்னாள். எலிஸபெத்து ராணி காலத்தில் மறுபடியும் அகற்றினார்கள். 1561-ல் மேல் மாடத்தையும் இடித்துவிட்டு, கீழ்த் தடுப்பை மட்டும் விட்டுவைக்கும்படி ராஜாங்க உத்தரவு வெளியாயிற்று. ஆக, பதினான்கே வருஷங்களில் இத்தனை! சிற்பம் செய்தவனுக்குக் கூலி, அதைக் கழற்றியவனுக்குக் கூலி, மறுபடி செய்தவனுக்குக் கூலி என்று கோவில் தர்மகர்த்தாக்கள் எழுதிய கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. அந்நியப் படை வந்து உடைத்தது என்றால் மனம் ஒருவாறு ஆறும். பாட்டன் பணம் கொடுத்துச் செய்வித்ததைப் பேரன் பணம் கொடுத்து இடிப்பித்தான் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எல்லாம் அழிந்துவிடவில்லை. வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில் பார்ட்ரிஷோ என்று ஒரு சின்னஞ்சிறு கோவில். சுமார் 1500-ல் செய்த தடுப்பும் மாடமும் அங்கே அப்படியே நிற்கின்றன. உத்தரத்தின் ஓரத்தில் ஒரு பறவைநாகம் திராட்சைக் கொடியை வாயில் கவ்விக்கொண்டிருக்கிறது; அந்த இலைகளின் மென்மையை உளியால் எப்படித்தான் வரவழைத்தானோ அந்தத் தச்சன்! அவன் பேர் நமக்குத் தெரியாது. நார்போக்கிலுள்ள பின்ஹமில் நடந்தது வேறு. அங்கே அர்ச்சிஷ்டர்களின் மேல் வெள்ளை பூசி, 1539-ல் வெளியான ஆங்கில பைபிளின் வாசகங்களைக் கறுப்பு எழுத்தில் எழுதினார்கள். நாளாவட்டத்தில் அந்த வெள்ளை உதிர்ந்து வருகிறது. எழுத்துக்களின் நடுவிலிருந்து பழைய முகங்கள் எட்டிப் பார்க்கின்றன.

எல்லாவற்றிலும் அபூர்வமானது ஸபோக் ஜில்லாவிலுள்ள வென்ஹாஸ்டன் கோவில். 1892-ல் அங்கே பழுது பார்த்தபோது, வெள்ளையடித்த பழம் பலகைகள் சிலவற்றை உபயோகமற்றவை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு மழை பெய்தது. விடிந்து பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து, இறுதித் தீர்ப்பு நாளின் சித்திரம் ஒன்று வெளிப்பட்டிருந்தது! அர்ச்சிஷ்ட மிக்கேல் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். அரசனும் பிஷப்பும் தலையில் கிரீடம் தவிர உடம்பில் ஒரு நூலுமின்றி நிற்கிறார்கள். நரகமோ வாய் பிளந்த பெரிய மீன். சித்திரத்தின் நடுவிலே மட்டும் வர்ணமே படாத வெறும் மரம். உற்றுப் பார்த்தால் ஒரு சிலுவையின் உருவம், அதன் இருபுறமும் இரண்டு மனித உருவங்கள். ஓவியன் எழுதியபோது அந்த மூன்று சிற்பங்களும் பலகையின் மேல் நின்றிருந்தன. அவற்றைச் சுற்றித்தான் அவன் வர்ணம் தீட்டினான். சிற்பங்கள் எங்கே போயினவோ, அவை நின்ற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.